இரண்டாம் பக்கத்தின் இரைச்சல்

எங்கள் குழுவுக்கு ஒரே ஒரு விதி இருந்தது. ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வரிசை மாற்றாமல், ஒரே இருப்பில் கேட்க வேண்டும். நேரம் கிடைக்காத வாரத்தில் சீட்டாட்டத்தில் சொல்வதுபோல ‘பாஸ்’ என்று சொல்லிவிடலாம். யாரும் காரணம் கேட்பதில்லை. கேட்காமல் கேட்டதாகச் சொல்வது மட்டும் கூடாது.

நாங்கள் நான்கு பேர். திங்கட்கிழமை காலை ஒருவர் ஓர் ஆல்பத்தைப் பரிந்துரைப்பார். மற்றவர்கள் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குள் தங்கள் கருத்தை எனக்கு மட்டும் அனுப்ப வேண்டும். ஒருவர் அபிப்பிராயம் இன்னொருவரைத் தொற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஞாயிறு காலை பத்து மணிக்குத் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், கோயிலை ஒட்டிய அக்ரஹாரத் தெருவொன்றில், வங்கி அதிகாரியான ஒரு மாமியின் வீட்டு ஹாலில் கூடுவோம். நான் எல்லாக் கருத்துகளையும் வாசிப்பேன். நாளிதழ் மேசையில் இருபத்தாறு வருடம் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியவன் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. எழுத்துப்பிழையை மட்டும் திருத்துவேன். சொல்லை மாற்ற மாட்டேன். மூன்று வருடக் கருத்துகளும் தேதிவாரியாக ஒரே கோப்பில் என்னிடம் இருக்கின்றன.

இந்தக் குழு தொடங்கியது என் வீட்டு பால்கனியில். கரமனையில் நான் வாங்கிய பழைய ஃப்ளாட்டின் பால்கனிக்கு டைல்ஸ் ஒட்ட ஒரு மேஸ்திரி வந்தார். திருநெல்வேலிக்குத் தெற்கே ஓர் ஊர்க்காரர். இருபது வருடமாகத் திருவனந்தபுரத்தில் வேலை. உள்ளே அறையில் ஒரு தவில்காரரும் ஒரு வெளிநாட்டு டிரம்காரரும் சேர்ந்து வாசித்த ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி ஒட்டிய கற்களைக் கொத்துக்கரண்டியின் மரப்பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிறுத்திவிட்டுக் கதவருகே வந்தார்.

“சாரே, ஒண்ணு கேக்கலாமா? அந்த ரெண்டாமத்த ஆள் வேற ரூம்ல இருந்துல்லா வாசிக்கான்?”

“ஏன் அப்படிச் சொல்றீங்க?”

“தவிலுக்கு எதிரொலி ஒரு மாதிரி இருக்கு. அவனுக்கு வேற மாதிரி. ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துக்கிடல.”

ஆல்பத்தின் உறையை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில், இருவரும் வெவ்வேறு ஊர்களில் ஒலிப்பதிவு செய்ததாக அச்சிட்டிருந்தது. இரண்டு வருடமாக அந்த ஆல்பம் என்னிடம் இருந்தது. எனக்கு அது கேட்டதில்லை.

“இதுல என்ன இருக்கு” என்றார் அவர். “எங்க வேலையே கேக்கதுதான். அடியில கலவை பிடிச்சிருந்தா டக்குங்கும். காத்து நின்னுட்டா டொக்குங்கும். அத விட்டுட்டா ஆறு மாசத்துல கல்லு ஆடும், அப்புறம் பொளந்துரும். கண்ணால கண்டுபிடிக்க முடியாது.”

அறுபத்து நான்கு கற்களையும் தட்டிப் பார்த்தார். ஒன்றைப் பெயர்த்து மறுபடி ஒட்டினார். போகும்போது அந்த ஆல்பத்தை அவருடைய போனில் ஏற்றிக் கொடுத்தேன். மறு வாரம் அவர் எனக்கு ஒன்று அனுப்பினார். பிறகு, ஒரு கச்சேரியில் பழக்கமான வங்கி மாமி சேர்ந்தார். அவர் மூலமாக டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்தில் வேலை செய்யும் ஒரு பெண் சேர்ந்தாள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்தவள். தமிழ் எழுதக் கூச்சப்பட்டு எப்போதும் குரல்பதிவாகவே அனுப்புவாள். அதைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வது என் வேலை.

அவள் ஒருமுறை கிட்டார்கள் அலறும் ஓர் ஆல்பத்தைப் பரிந்துரைத்தாள். அந்த ஞாயிறு நான் மாமியின் கருத்தை வாசித்தேன்: “குக்கர் விசிலுக்குள் யாரோ மணி கட்டி விட்டதுபோல இருந்தது. ஆறாவது பாட்டை மட்டும் மறுபடி இரண்டு முறை கேட்டேன். இதை வாசிக்க வேண்டாம்.”

“வாசிக்க வேண்டாம்னு எழுதியிருக்கேனோல்லியோ!” என்றார் மாமி.

“விதி மாமி. வந்ததை வாசிக்கணும்” என்றேன்.

“அய்யோ, மாமி நம்மட சைடு ஆயி!” என்று அந்தப் பெண் கைதட்டினாள். “மேஸ்திரி சேட்டா, நிங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

“அது எங்க கட்டிங் மெஷின் சத்தம்லா. பகல் பூரா ஓசியிலயே கேக்குதேன். அதுக்கு எதுக்கு ஆல்பம்?”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். கோப்பில் அந்த வரிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘சிரிப்பு’ என்று குறித்திருக்கிறேன்.

நான்கு பேரில் மேஸ்திரியின் கருத்துகள்தான் துல்லியமானவை. ஒரு புல்லாங்குழல் ஆல்பத்தைப் பற்றி அவர் எழுதியது இது: “மூணாவது பாட்டில் வாசிக்கிறவர் மூச்சு எடுப்பது கேட்கிறது. வயசான ஆள். முதல் பாட்டிலேயே களைத்துவிட்டார், ஆனால் வேகத்தைக் குறைக்கவில்லை.” செய்தியாளர்களிடம் நான் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத வாக்கியங்கள் அவை.

எங்களுக்குள் பரிந்துரை ஆல்பத்தோடு நிற்கவில்லை. மாமி தன் ஹாலின் பழைய சிமெண்ட் தரையை எடுத்துவிட்டு டைல்ஸ் போட வேண்டும் என்று சொன்னபோது, நான் மேஸ்திரியைச் சொன்னேன். “அவர் காதுக்குத் தப்பி ஒரு கல் நிற்காது” என்றேன். போன வருடம் ஓணம் முடிந்து அவர் அந்த வேலையை எடுத்தார். பன்னிரண்டு நாள். முடிந்ததும் எப்போதும்போல முட்டிபோட்டு, கதவில் தொடங்கிப் பூஜை அறை வாசல் வரை, ஒவ்வொரு கல்லையும் தட்டினார். மாமி நின்று பார்த்ததாகச் சொன்னார். ஒரு கல்லைக்கூடப் பெயர்க்க வேண்டியிருக்கவில்லை. “அத்தனையும் செரியாக்கும்னார்” என்று மாமி பெருமையாகச் சொன்னார்.

அதற்கு இரண்டு வாரம் கழித்துப் பரிந்துரை என் முறை. பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றில் எனக்கு ஓர் ஒலிநாடா கிடைத்திருந்தது. கடலோர ஊர் ஒன்றின் பேண்ட் குழு தாங்களே பதிவு செய்து வெளியிட்டது. முதல் பக்கத்தில் ஊர்வலத்துக்கான வேகமான நான்கு மெட்டுகள். இரண்டாம் பக்கத்தில் கிளாரினெட் தனியாக வாசிக்கும் மெதுவான நான்கு மெட்டுகள், சாவு வீட்டுக்கானவை. இணையத்தில் இது கிடையாது என்பதால் வீட்டில் வைத்துக் கணினியில் ஏற்றினேன். ஒவ்வொரு பக்கமும் ஒரு கோப்பு. உறையின் உள்பக்கத்தில் மெட்டுகளைப் பற்றிச் சிறு குறிப்புகள் இருந்தன. அதையும் படமெடுத்து, திங்கட்கிழமை காலை மூவருக்கும் அனுப்பினேன்.

நாடாவைத் திருப்பிப் போட்டபோது வயர் ஒன்று கழன்றிருக்கிறது. இரண்டாம் பக்கம் பதிவாகவே இல்லை. இருபத்திரண்டு நிமிடம் வெறும் இரைச்சல். அச்சுக்குப் போகும் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை படித்தவன், இதை ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்காமல் அனுப்பியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மாமி போன் செய்தார். “ரெண்டாவதுல ஒண்ணும் வரலையே. என்னோட ஸ்பீக்கர் போயிடுத்தோன்னு பயந்துட்டேன்.” அன்று மாலையே அந்தப் பெண்ணிடமிருந்து குரல்பதிவு: “அங்கிளே, செகண்ட் ஃபைல் ஃபுல் ஸ்ஸ்ஸ்னு ஆக்கும். இது மாடர்ன் ஆர்ட்டா?” ஞாயிறுக்கு முன்னால் குழுவில் ஆல்பத்தைப் பற்றிப் பேசக் கூடாது. அதனால் இருவருக்கும் தனித்தனியாக மன்னிப்புச் சொல்லிச் சரியான கோப்பை அனுப்பினேன். மேஸ்திரியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இன்னும் கேட்டிருக்க மாட்டார், கேட்டதும் சொல்வார் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவருடைய கருத்து வந்தது. “முதல் பக்கம் டிரம் அடிக்கிறவர் நல்ல கை. நடந்துகொண்டே அடிக்கிறார் என்பது தெரிகிறது. இரண்டாம் பக்கம் மனசைப் பிசைந்துவிட்டது. இரண்டாவது மெட்டில் கிளாரினெட் தாயைப் பறிகொடுத்த பிள்ளைபோல அழுகிறது.”

உறைக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது மெட்டுக்கு நேராக, “தாயை இழந்த பிள்ளையின் துயரம்” என்று அச்சிட்டிருந்தது.

நான் கோபப்படவில்லை. அதைவிட மோசமான ஒன்று நடந்தது. எனக்கு உற்சாகம் வந்தது. நிகழ்ச்சிக்கே போகாமல் அழைப்பிதழைப் பார்த்துச் செய்தி எழுதியவனைப் பிடித்துவிட்ட பழைய மேசை உற்சாகம். அவரைத் தனியாக அழைத்துக் கேட்க ஓர் இரவும் ஒரு காலையும் எனக்கு இருந்தன. கேட்கவில்லை.

ஞாயிறு காலை புதுத் தரையில் பாய் விரித்திருந்தது. மேஸ்திரி சலவைச் சட்டை போட்டு வந்து எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். முன்பெல்லாம் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். இடம் எப்போது மாறியது என்று அன்று நான் யோசிக்கவில்லை.

மாமியின் கருத்தை வாசித்தேன். அந்தப் பெண்ணின் கருத்தை வாசித்தேன். பிறகு அவருடையதை, முழுக்க, நிறுத்தி வாசித்தேன். அதன் கீழேயே உறைக் குறிப்பையும் வாசித்தேன். பிறகு தலையை நிமிர்த்தி, அவருக்கு நான் அனுப்பிய இரண்டாவது கோப்பில் பாட்டே இல்லை என்று சொன்னேன்.

அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “என்ன சாரே?” என்றார்.

“உங்க கோப்புல ரெண்டாம் பக்கம் காலி. வெறும் இரைச்சல். ஒரு கிளாரினெட்டும் இல்லை.”

அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது வரவில்லை. மாட்டிக்கொண்டவன் முகத்தை எனக்குத் தெரியும். நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் முகத்தில் இருந்தது வேறு. ஏதோ கணக்கு சரியாகாத ஆள் மாதிரி தரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

“ஒண்ணுமே இல்லையா?”

“இல்லை.”

“அப்பறம் எப்படி எழுதினேள்?” என்றார் மாமி. அவர் குரலில் கோபமில்லை, குழப்பம்தான்.

மேஸ்திரி மாமி பக்கம் திரும்பினார். பிறகு, “நேரமில்ல மேடம். சைட்ல வேலை ஜாஸ்தி. முதல் பக்கம் கேட்டேன், மத்தது அட்டையில இருந்ததப் பாத்து எழுதிட்டேன். தப்புதான்” என்றார்.

“பாஸ்னு சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“சொல்லியிருக்கலாம்.”

“சேட்டா, அது பரவால்ல, ஒரு வாரமல்லே” என்று அந்தப் பெண் தொடங்கினாள். அவர் எழுந்துவிட்டார். மாமி காபியை நீட்டினார். டம்ளரைக் கையில் வாங்கி, குடிக்காமல் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார். அவர் தெருமுனை திரும்பும் முன்பே எங்கள் மூவர் போனிலும் அவர் குழுவை விட்டு விலகியதாக அறிவிப்பு வந்தது.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். “அங்கிள் இது சேட்டன்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமல்லே?”

“விதி எல்லாருக்கும் பொதுதானே.”

“விதியொக்கெ செரி. ஆனா அங்கிள் வாசிச்சப்போ அங்கிளுக்கு சந்தோஷமாயிருந்து. ஞான் கண்டு.”

காகிதங்களை மடித்தேன்.

பத்து நாள் கழித்து மாமி போன் செய்தார். “நாற்காலியை இழுத்தேன், ஒரு எடத்துல சத்தம் வேற மாதிரி கேக்கறது. அப்பறம் அங்கங்கே கரண்டியால தட்டிப் பாத்தேன். மூணு கல்லு டொக்குங்கறது. ஏன் இப்படி? அவர் என் கண்ணு முன்னாடி ஒவ்வொண்ணாத் தட்டினாரே.”

போனை வைத்துவிட்டுக் கோப்பைத் திறந்தேன். இரண்டு தகவல்கள் தனித்தனியாக இருக்கும்வரை செய்தி இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் செய்தி. மேஸ்திரியின் கருத்துகளை மட்டும் பிரித்து, முதலிலிருந்து வரிசையாகப் படித்தேன். முதல் வருடம் புல்லாங்குழல், வயலினின் வில் ஏறும்போது வரும் கீச்சு, பாடகி உதட்டை ஈரமாக்கும் சத்தம். இரண்டாம் வருடத்தின் நடுவில் புல்லாங்குழல் நின்றுவிடுகிறது. பிறகு வயலின் நிற்கிறது. பிறகு மிருதங்கமும் டிரம்மும் மட்டும், அதிலும் தாழ்ந்த சத்தம் எழுப்பும் இடது கை மட்டும். கடைசி ஏழெட்டு மாதங்களில் வாக்கியங்கள் அழகாகிவிடுகின்றன. ‘மனசைப் பிசைகிறது.’ ‘உயிரை உருக்குகிறது.’ உறைக் குறிப்புகளை எடுத்து ஒப்பிட்டேன். பாதி அங்கிருந்து வந்தவை. அதே மாதங்களில், ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: “அட்டையப் படம் எடுத்துப் போடுங்க சாரே.”

இத்தனையும் என் கையால் தட்டெழுதி வைத்தவை. மூன்று வருடம் எழுத்துப்பிழை மட்டும் பார்த்திருக்கிறேன்.

புதன்கிழமை மாலை மணக்காட்டில் அவர் தங்கியிருந்த அறைக்குப் போனேன். ஊர்க்காரர்கள் இரண்டு பேரோடு அங்கே குடியிருந்தார். அப்போது அவர்கள் கடைக்குப் போயிருந்தார்கள். அவர் வாசலில் உட்கார்ந்து கால் நகத்தில் ஒட்டிய சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, உள்ளே இருந்து ஸ்டூலை எடுத்து எனக்குப் போட்டார். தன் முன்னால், வெளிச்சம் என் முகத்தில் விழுகிற மாதிரிப் போட்டார்.

“எப்போதிருந்து?” என்று கேட்டேன்.

எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை.

“கல்லாறுல ஒரு ரிசார்ட்டு வேல. முந்தின வருசம். ஆத்தங்கரையிலதான் ஷெட்டு. நாலஞ்சு வருசம் முன்னாடி அங்க வேல பாத்தப்ப ராத்திரி சத்தத்துல உறக்கம் வராது. இந்தத் தடவ போனா சத்தம் பாதிதான் இருக்கு. பொன்முடி மலையில மழை இல்ல போல, ஆறு வத்திட்டுன்னு நெனச்சேன். காலைல எந்திச்சுப் பாக்கேன், வெள்ளம் நெறஞ்சு ஓடுது.”

“டாக்டரைப் பார்த்தீங்களா?”

“பாத்தேன். இருபத்திரெண்டு வருசம் கட்டிங் மெஷின காதுக்குப் பக்கத்துல வச்சா என்ன ஆவும்னு கேட்டாரு. போனது வராதாம். காதுல ஒரு மெஷின் வைக்கச் சொன்னாரு.” சிரித்தார். “மெஷினால போனதுக்கு மெஷின். அத வச்சுக்கிட்டு சைட்டுக்குப் போனா எனக்கு வேல குடுக்க காண்ட்ராக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேப்பாரு. ஏ, நீ எப்படிவே கல்லு தட்டிப் பாப்பேன்னு.”

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மன்னிப்புக் கேட்டேன். நேரமில்லை என்று ஏன் பொய் சொன்னீர்கள், கேட்காமல் எழுதியதாக நாங்கள் நினைத்துவிட்டோமே என்றேன்.

“கேக்காம எழுதல சாரே” என்றார். முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. “முழுசும் உக்காந்து கேட்டேன். முதல் பக்கம் டிரம் நெஞ்சுல தெரிஞ்சுச்சு. ரெண்டாம் பக்கம் போட்டேன். ஒண்ணும் வரல. கிளாரினெட்டுன்னு போட்டிருக்கு, அது மேல் சுதி சத்தம், நமக்கு வராதுன்னு நெனச்சேன். ஆனா விதி இருக்குல்லா. ஸ்பீக்கர் மேல கைய வச்சுக்கிட்டு இருபத்திரெண்டு நிமிசமும் அசையாம இருந்தேன். பாட்டு ஓடிட்டு இருக்குன்னுதான் இருந்தேன். அதுல ஒண்ணுமே இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் காலருகே கிடந்த சிமெண்ட் துணுக்குகளைப் பார்த்தேன்.

“பாஸ்னு ஒரு வாரம் சொல்லலாம்” என்றார். “மாசத்துல நாலு வாரமும் சொன்னா என்னன்னு கேப்பீங்கள்லா. அதுவுமில்லாம, ஞாயித்துக்கெழம அந்த ஹால்ல நான் டைல்ஸ்காரன் இல்ல. நான் எழுதுனத நீங்க வாசிப்பீங்க, மேடம் தலையாட்டுவாவ. அத விட மனசு வரல.”

மாமி வீட்டு மூன்று கற்களைப் பற்றிச் சொன்னேன். அவர் நகத்துச் சிமெண்டை மறுபடி சுரண்டினார். பிறகு, நானே வந்து மாற்றித் தருகிறேன் என்று மாமியிடம் சொல்லச் சொன்னார். காரணத்தை மட்டும் சொல்ல வேண்டாம் என்றார். சம்மதித்தேன்.

மாமிக்கு வங்கி விடுமுறையாக இருந்த ஒரு சனிக்கிழமை போனோம். மாமி சமையலறையில் இருந்தார். மேஸ்திரி கரண்டியை என் கையில் கொடுத்தார். அவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டார். எங்கள் ஏற்பாடு இதுதான்: நான் தட்டுவேன், அவர் என் முகத்தைப் பார்ப்பார், சத்தம் சரியில்லை என்றால் நான் தலையாட்டுவேன், அவர் கல்லின்மேல் கோடு போடுவார்.

கதவிலிருந்து தொடங்கினேன். டக். டக். டக். ஐந்தாவது கல்லில் தலையாட்டினேன். ஒன்பதாவதில். பூஜை அறைப் பக்கம் அடுத்தடுத்து இரண்டு. மூன்றைத் தாண்டியதும் அவர் என் முகத்தை இன்னும் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார். ஆறாவது டொக் கேட்டபோது, இதை விட்டுவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. சந்தேகக் கேஸ்தான். தட்டிய இடத்தில் மறுபடி தட்டினேன். டொக். தலையாட்டினேன். முடிந்தபோது தரையில் பதினொரு வெள்ளைக் கோடுகள் இருந்தன.

அவர் எழுந்து நின்று எண்ணினார். விரலால் எண்ணினார்.

“பதினொண்ணா?”

“பதினொண்ணு.”

“எனக்கு ஒரு ஹாலுக்கு ஒண்ணு வரும். ரெண்டு வந்தா அன்னைக்கு உறக்கம் வராது.” சாக்பீஸ் பொடியை வேட்டியில் துடைத்தார். “கல்லாறுக்கு அப்புறம் இது போக பதினாலு வீடு போட்டிருக்கேன், சாரே.”

அப்போதுதான் மாமி தட்டில் காபியோடு வந்தார். என் கையில் கரண்டியைப் பார்த்தார், அவர் கையில் சாக்பீஸைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “நீங்க ஏன் தட்டிண்டிருக்கேள்?”

மேஸ்திரிக்குக் கழுத்து வலி என்று சொல்ல வாயெடுத்தேன். தயாராக வைத்திருந்த பொய். அவர் முந்திக்கொண்டார்.

“எனக்குக் காது போயிட்டு மேடம். ரெண்டும். உங்க தரைய நான் சும்மாதான் தட்டுனேன்.”

மாமி தட்டை மேஜையில் வைத்தார். “காபியைக் குடியுங்கோ. அன்னிக்கும் குடிக்கலை” என்றார். பிறகு அது மேஸ்திரிக்குக் கேட்டதா என்று சந்தேகப்பட்டு, டம்ளரை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

பதினொரு கற்களையும் அவர் மாற்றினார். நான் தட்டினேன். பிறகு அந்தப் பதினான்கு வீடுகளுக்கும் போக வேண்டும் என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இருக்கவில்லை. ஞாயிறு காலைக் கூட்டத்தை மாலைக்கு மாற்றிக்கொண்டு அவரோடு போனேன். முதல் வீட்டில் நான்கு. இரண்டாவதில் ஆறு. அவர்கள் குறை சொல்லவில்லை, நல்ல மேஸ்திரி, தானாகவே வந்து பார்க்கிறார் என்றார்கள். மூன்றாவது ஒரு ஃப்ளாட். அந்த வீட்டுக்காரர் படித்தவர், யோசிப்பவர். இத்தனை மாதம் கழித்து ஏன் வருகிறீர்கள், கூட வந்திருக்கும் இவர் யார், இவர் ஏன் தட்டுகிறார் என்று வரிசையாகக் கேட்டார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டிருப்பேன். எங்கள் கண் முன்னாலேயே காண்ட்ராக்டருக்குப் போன் செய்தார்.

இப்போது மேஸ்திரிக்கு ஒட்டும் வேலை தருவதில்லை. மற்றவர்கள் ஒட்டி முடித்த கற்களுக்கு நடுவே இடுக்குப் பூசும் வேலை தருகிறார்கள். அதற்குக் காது வேண்டாம். அவரை இப்போது சைட்டில் யாரும் மேஸ்திரி என்று கூப்பிடுவதில்லை என்று அவரே சொன்னார். மீதிப் பதினொரு வீடுகளுக்குப் போகக் கூடாது என்று காண்ட்ராக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தத் தரைகளின்மேல் இன்று ஆட்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

குழுவுக்கு அவரைத் திரும்ப அழைத்தது அந்தப் பெண்தான். தமிழில், அவளே தட்டெழுதி அனுப்பியிருந்தாள். நான்கு வரியில் ஆறு பிழைகள். நான் திருத்தவில்லை. அவர் வந்தார். தன் முறை வரும்போது, முன்பு கேட்டதிலிருந்து நினைவாக ஓர் ஆல்பத்தைச் சொல்வார். மற்ற வாரங்களில் பாஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் கருத்துகளை இப்போது நான் வாசிப்பதில்லை. பெரிய எழுத்தில் அச்சிட்டு நான்கு பிரதி எடுத்துப் போகிறேன். எல்லோரும் தங்கள் தங்கள் காகிதத்தைப் படிக்கிறோம். அவர் மற்றவர்களைவிட மெதுவாகப் படிப்பார். நாங்கள் காத்திருப்போம். அவர் சிரிக்கும் இடத்தில் நாங்கள் ஏற்கெனவே சிரித்து முடித்திருப்போம்.

இதை எழுதி முடித்ததும் அவரிடம் கொடுத்தேன். அச்சேறலாம், பெயர் வேண்டாம் என்றார். பிறகு ஒரு திருத்தம் சொன்னார்.

“உங்க பால்கனியில ஒண்ணப் பெயர்த்து ஒட்டுனேன்னு எழுதியிருக்கீங்க. சரிதான். ஆனா மூலையில ஒரு கல்லு சந்தேகமா இருந்துச்சு. உங்க பாட்டு சத்தமா ஓடிட்டு இருந்துச்சா, அதனாலதான் சரியா கேக்கலன்னு விட்டுட்டேன்.”

அந்த மூலையில்தான் வாஷிங் மெஷின் நிற்கிறது. வீட்டுக்கு வந்து அதை நகர்த்திவிட்டுச் சாவியால் தட்டினேன். டொக். பக்கத்துக் கல்லைத் தட்டினேன், டக். மறுபடி அதை. டொக்.

மேலே எழுதியதை மாற்றவில்லை. நாளிதழ் வழக்கம் அது: அச்சில் வந்துவிட்டதை அழிக்க முடியாது, திருத்தம் கீழேதான் வரும். அறுபத்து நான்கு கற்களில் ஒன்று சரியில்லை. அன்று பாட்டை ஓடவிட்டிருந்தவன் நான்.